வெளிப்புற டிவிடி டிரைவிலிருந்து லினக்ஸ்: எங்கே நிற்கிறது, எப்படி நகர்த்துவது

யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவை வைத்து லேப்டாப்பில் லினக்ஸ் போட உட்கார்ந்தால் எங்காவது ஓர் இடத்தில் முட்டும். முட்டுவது பெரிய விஷயமில்லை. எதில் முட்டியது என்று பார்க்காமல், டிஸ்ட்ரோவை, அதாவது உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகையை, மாற்றி மாற்றி டிவிடி எழுதிக்கொண்டே இருப்பதுதான் நாளைத் தின்னும். நானும் அதைச் செய்திருக்கிறேன். நான்கு டிவிடி வீணான பிறகுதான், கோளாறு உபுண்டுவிலும் இல்லை, மின்ட்டிலும் இல்லை, டிரைவோடு வந்த கேபிளில் என்று தெரிந்தது.

அதனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நிறுவல் முடிவதற்குள் ஒரே டிஸ்க்கை நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகப் படிக்கிறார்கள். முதலில் லேப்டாப்பை எழுப்பும் உள்மென்பொருள்: பழையதில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. அடுத்து லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப் போன்ற பூட்லோடர். அப்புறம் லினக்ஸின் மையமான கெர்னல். கடைசியாக இன்ஸ்டாலர். முதல் இருவரும் பயாஸின் கண்ணால் டிரைவைப் பார்க்கிறார்கள். கெர்னல் அப்படி இல்லை. அது ஏறியதும் பயாஸ் செய்துவைத்த ஏற்பாட்டையெல்லாம் தள்ளிவிட்டு, யுஎஸ்பியை முதலிலிருந்து தன் சொந்த டிரைவர்களால் தேட ஆரம்பிக்கும். "மெனு வரைக்கும் வந்ததே, அப்புறம் எப்படி சிடி டிரைவே இல்லை என்கிறது?" என்று பலரும் குழம்புவது இந்தக் கைமாற்றத்தில்தான். எந்தக் கையில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்க் எழுதும் முன்

லேப்டாப்பில் இருக்கும் கோப்புகளை வேறொரு இடத்தில் நகலெடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம், அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து அளவு. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். அது ஆயிரம் ஆயிரமாக எண்ணும் கணக்கு. விண்டோஸ் எண்ணும் கணக்கில் அது சுமார் 4.38 ஜிபிதான். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (டிஸ்க்கில் எழுதுவதற்காக இறக்கும் கோப்பு) 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. சாதாரண டிவிடியில் அது ஏறாது, 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும். பழைய டிரைவ்களில் சில அதைப் படிக்கும்போது அடுக்கு மாறும் இடத்தில் தடுமாறும். ஆகவே என் யோசனை: டிவிடிதான் வழி என்றால் சிறிய ஐஎஸ்ஓவைத் தேடுங்கள். லினக்ஸ் மின்ட், ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் இரண்டும் ஒற்றை அடுக்கில் தாராளமாக அடங்கும். டெபியனின் நெட்இன்ஸ்ட் அதைவிடச் சின்னது. டிஸ்க்கிலிருந்து அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். தகராறு செய்யும் டிரைவிலிருந்து படிக்க வேண்டியது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பழைய லேப்டாப் என்றால் பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை 2017இலேயே நிறுத்திவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் வகைக்கு இன்ஸ்டாலரே கிடையாது. டெபியன் 12இல் இருக்கிறது.

ஐஎஸ்ஓ இறங்கியதும் அதன் ஷா256 ஹேஷை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான நீள எண்ணை, பதிவிறக்கப் பக்கத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில் கட்டளை அதைக் கணக்கிடும், லினக்ஸில் ஷா256சம். இரண்டு நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டு இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

எழுதும்போது "இமேஜை எழுது" என்ற தேர்வையே எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓவை ஒரு சாதாரண கோப்பு மாதிரி டிஸ்க்கில் இழுத்துப் போட்டால் அது பூட் ஆகாது. எழுதி முடித்த டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால் தவறு. பூட், இஎஃப்ஐ, காஸ்பர் போன்ற ஃபோல்டர்கள் தெரிந்தால் சரி. வேகத்தை 4 எக்ஸ் அளவுக்கு இறக்கி வையுங்கள். மறுபடி மறுபடி எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கைவிட ஒரு முறை மட்டும் எழுதும் டிஸ்க் மேல். ஆர்டபிள்யூ வகை வெளிச்சத்தைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், தேய்ந்த லென்ஸ் அதில் திணறும்.

ஐஎஸ்ஓ சரியாக இருந்தால் டிஸ்க்கும் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. எழுதும் மென்பொருளில் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதை டிக் செய்யுங்கள். லினக்ஸ் கணினி கையில் இருந்தால் டிடி கட்டளையால் டிஸ்க்கைப் படித்து ஷா256சம்முக்கு அனுப்பலாம். அதில் ஒரு நுணுக்கம்: ஐஎஸ்ஓவின் அளவை 2048ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கவுன்ட் என்று கொடுத்து, அத்தனை பிளாக் மட்டும் படிக்கச் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் கடைசியில் வெற்று நிரப்பல் இருக்கக்கூடும். அதையும் சேர்த்துப் படித்தால் நல்ல டிஸ்க்குக்கும் ஹேஷ் பொருந்தாது.

டிரைவுக்குப் போதிய மின்சாரம் போகிறதா

எனக்கு நான்கு டிவிடி போனது இங்கேதான். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி, 3.0 போர்ட் 900. ஒல்லியான டிவிடி டிரைவ் டிஸ்க்கைச் சுழற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 500ஐத் தாண்டிக் கேட்பது சகஜம். அப்போது மின்சாரம் சரிந்தால் டிரைவ் தானாக அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். காதை வைத்துக் கேளுங்கள். சுழல ஆரம்பித்து, க்ளிக் என்று நின்று, மறுபடி சுழன்றால் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில்தான்.

செய்ய வேண்டியவை எளிது. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். டிரைவை நேரே லேப்டாப் போர்ட்டில் சொருகுங்கள், தனி அடாப்டர் இல்லாத ஹப் வேண்டவே வேண்டாம். நீளக் கேபிளை எடுத்துவிட்டுக் குட்டைக் கேபிளைப் போடுங்கள். இரண்டு யுஎஸ்பி முனை கொண்ட கேபிள் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள், இரண்டாவது முனை மின்சாரத்துக்காகவே வைத்தது. தனி அடாப்டர் கொண்ட ஹப் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சில பழைய பயாஸ்கள் ஹப்புக்குப் பின்னால் இருப்பதைப் பூட் நேரத்தில் பார்ப்பதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆப்பிளின் யுஎஸ்பி சூப்பர்டிரைவை வேறு லேப்டாப்பில் சொருகினால் டிஸ்க்கையே உள்ளே வாங்காது. மேக் அனுப்பும் ஒரு தனிக் கட்டளைக்காக அது காத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்து அந்தக் கட்டளையை அனுப்ப முடியும். பூட் நேரத்தில் அனுப்ப ஆளில்லை. அதோடு மல்லுக்கட்டாமல் வேறு டிரைவைத் தேடுங்கள்.

பூட் மெனுவில் டிரைவே தெரியவில்லை

விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸிலும் ஃபாஸ்ட் பூட் என்று தனியாக ஒன்று இருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த அது யுஎஸ்பியைத் தேடாமலே தாண்டிவிடும். அதை அணையுங்கள்.

பூட் மெனு விசை டெல், லெனோவோ இரண்டிலும் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான். ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டும். விசை பிடிபடவே இல்லையா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டு விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில், ஒரு சாதனத்தைப் பயன்படுத்தும் தேர்வு பல லேப்டாப்களில் இருக்கும். அதற்குள் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவை முன்பே சொருகி, டிஸ்க்கை உள்ளே வைத்து, பிறகுதான் லேப்டாப்பை இயக்க வேண்டும். பல பயாஸ்கள் டிஸ்க் தயாராகும் வரை காத்திருக்காமல் பட்டியலை மூடிவிடும். பட்டியலில் இல்லையென்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+டெலிட் அழுத்தி மறுபடி மெனுவுக்குப் போங்கள். டிஸ்க் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் இரண்டாம் முறை தெரிய வாய்ப்பு அதிகம்.

பழைய லேப்டாப்களில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி சிடிராம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். பென்டிரைவில் பூட் ஆகாத லேப்டாப் வெளி டிவிடி டிரைவில் பூட் ஆவதும் உண்டு, காரணம் இதுதான். ஆனால் யுஎஸ்பி பூட்டே தெரியாத பயாஸ் என்றால் வெளி டிரைவும் உதவாது. அதுவும் யுஎஸ்பிதானே.

ஒரே டிரைவ் இரண்டு முறை தெரிகிறதா? பயப்பட வேண்டாம். டிஸ்க்கின் பூட் பட்டியலில் பழைய பயாஸுக்கு ஒன்று, யூஇஎஃப்ஐக்கு ஒன்று என இரண்டு நுழைவுகள் இருக்கின்றன. எல் டோரிட்டோ என்ற அந்த ஏற்பாடு 1995இல் வந்தது. பூட் டிஸ்க்குகள் இன்றும் அதன் மேல்தான் ஓடுகின்றன. விண்டோஸ் யூஇஎஃப்ஐயில் இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸையும் யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு போட்ட வரியிலிருந்தே பூட் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் நிறுவல் முடியும், ஆனால் இரண்டும் ஒரே மெனுவில் வராது.

தேர்ந்தெடுத்ததும் பாதுகாப்பு மீறல் என்று சொல்லி அணைந்துவிட்டால், கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் தடுக்கிறது என்று அர்த்தம். அலமாரியில் கிடந்த பழைய டிவிடி என்றால் இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட்டைத் தாண்ட லினக்ஸ் பயன்படுத்தும் ஷிம் பூட்லோடர்களில் பழையவற்றைத் தடைசெய்யும் எஸ்பேட் பட்டியலைப் பல கணினிகளில் ஏற்றிவிட்டது. திரையில் ஷிம், எஸ்பேட் என்ற சொற்கள் தெரிந்தால் சமீபத்திய ஐஎஸ்ஓவை எழுதுங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணையுங்கள். அணைப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், விண்டோஸ் அடுத்த முறை அதைக் கேட்கக்கூடும்.

மெனு வந்தது, பிறகு திரை கருப்பு

முதலில் பொறுமை. 8 எக்ஸ் டிவிடி டிரைவ் ஆகச் சிறந்த நிலையில் நொடிக்கு 11 எம்பி படிக்கும், அதுவும் டிஸ்க்கின் வெளி ஓரத்தில். நிறுவாமலே டிஸ்க்கிலிருந்து ஓடும் லைவ் டெஸ்க்டாப் ஏறும்போது லென்ஸ் அங்கும் இங்கும் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே டிரைவ் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை ஐந்து நிமிடமானாலும் விட்டுவிடுங்கள்.

விளக்கு நின்று திரையும் கருப்பாகவே இருந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் மேல். என்விடியா சிப் உள்ளவற்றில் இது அடிக்கடி வரும். க்ரப் மெனுவில் முதல் வரியின் மேல் நின்று 'இ' எழுத்து விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து, கன்ட்ரோல்+எக்ஸ் கொடுங்கள். மின்ட்டில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று தனி வரியே வைத்திருக்கிறார்கள். அதே லினக்ஸ் வரியில் இருக்கும் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்துவிட்டால் கெர்னல் என்ன சொல்கிறது என்று திரையில் ஓடும். எதுவும் புரியாவிட்டாலும் கடைசி வரியைப் படம் எடுத்து வையுங்கள், தேடிப் பார்க்க உதவும்.

கெர்னல் டிரைவைத் தொலைக்கும்போது

டெபியன் இன்ஸ்டாலர் மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டுவிட்டு, "சிடி டிரைவ் கிடைக்கவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி போடும். உபுண்டு, மின்ட் வகைகள் "லைவ் கோப்பு முறைமை உள்ள மீடியம் கிடைக்கவில்லை" என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளை வரியில் நின்றுவிடும். இரண்டும் ஒரே நோய். கெர்னல் யுஎஸ்பியை மறுபடி தேடுகிறது, டிரைவோ இன்னும் டிஸ்க்கைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்தப் போர்ட்டுக்கான டிரைவர் அந்தக் கெர்னலில் இல்லை.

கட்டளை வரி கிடைத்திருந்தால் அது வரப்பிரசாதம். டெபியனில் ஆல்ட்+எஃப்2, கிராபிக்ஸ் இன்ஸ்டாலர் என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் அதே மாதிரி ஒன்று திறக்கும். அங்கே டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துக் கடைசி இருபது முப்பது வரிகளைப் படியுங்கள். கட்டளையின் ஆங்கில எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி. பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்.

புதிய யுஎஸ்பி சாதனம் என்ற வரியே இல்லையா? கெர்னலுக்கு டிரைவ் கண்ணில் படவே இல்லை. பிடுங்கி வேறு போர்ட்டில் சொருகுங்கள். நீல நாக்கு கொண்ட 3.0 போர்ட்டில் இருந்தால் கருப்பு 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். பழைய கெர்னல்களில் இது நன்றாக வேலை செய்கிறது.

சாதனம் வந்தது, போனது, ரீசெட் ஆனது என்று வரிகள் திரும்பத் திரும்ப வருகிறதா, கூடவே பிழை எண் கழித்தல் 71 அல்லது கழித்தல் 110 தெரிகிறதா? கேபிள் அல்லது மின்சாரம். மேலே சொன்னதற்குத் திரும்பிப் போங்கள்.

டிவிடி டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்ஆர்0 (sr0) என்ற பெயர் வந்துவிட்டதா? அப்படியென்றால் டிரைவ் கிடைத்துவிட்டது, இன்ஸ்டாலர் மட்டும் அவசரப்பட்டுவிட்டது. டெபியனில் ஆல்ட்+எஃப்1 (கிராபிக்ஸ் இன்ஸ்டாலர் என்றால் ஆல்ட்+எஃப்5) அழுத்தித் திரும்பிப் போய் மீடியாவைக் கண்டறியும் படியை மறுபடி ஓடவிட்டால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகரவில்லை என்றால் கட்டளை வரியிலேயே சிடிராம் என்ற ஃபோல்டரில் எஸ்ஆர்0ஐ நீங்களே மவுன்ட் செய்துவிட்டு (அதாவது இணைத்துவிட்டு) அதே படியை ஓட்டுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் வரியில் நின்றவர்களுக்கு என் வழக்கம் வேறு. ரீபூட் செய்து, கெர்னல் ஏற ஆரம்பித்த உடனே டிரைவைப் பிடுங்கி உடனே சொருகிவிடுவேன். அநாகரிகமான வழிதான். ஆனால் டிரைவ் புதிதாக வந்தது போலக் கெர்னலுக்குத் தெரிவதால் வேலை நடக்கிறது.

ஏறிய பிறகு நடுவில் டிரைவ் தூங்கிப்போகும் கேஸும் உண்டு. பூட் வரியில், அதாவது க்ரப்பில் லினக்ஸ் என்று தொடங்கும் அதே வரியில், யுஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பைக் கழித்தல் 1 என்று (usbcore.autosuspend=-1) கொடுத்தால் கெர்னல் யுஎஸ்பியைத் தூங்கவைக்காது. அதைவிட எனக்குப் பிடித்தது டுராம் (toram). ரேம் போதுமானதாக இருந்தால், அதாவது ஐஎஸ்ஓ அளவுக்கு மேல் இன்னும் 2 ஜிபியாவது மிஞ்சினால், உபுண்டு, மின்ட், டெபியன் லைவ் பூட் வரிகளில் இந்தச் சொல்லைச் சேருங்கள். மொத்த டிஸ்க்கும் ஒரே ஓட்டத்தில் ரேமுக்கு வந்துவிடும். ஏற நேரம் பிடிக்கும், ஆனால் அதன் பிறகு டிரைவ் இருந்தால் என்ன, இறந்தால் என்ன. 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் மட்டும் இதை முயல வேண்டாம்.

பாதி நிறுவலில் பிழை

கோப்புகள் நகலாகும்போது, பிழை எண் 5, உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று நின்றால் குற்றவாளிகள் மூன்று: டிவிடி பக்கம், லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க், ரேம். இன்ஸ்டாலர் யாரையும் கைகாட்டாது. டிமெசேஜ் காட்டும். பிழை வரியில் எஸ்ஆர்0 இருந்தால் டிவிடி பக்கம். எஸ்டிஏ அல்லது என்விஎம்இ என்று தொடங்கும் பெயர் இருந்தால் ஹார்ட் டிஸ்க். அப்போது வேறு டிவிடி எழுதிப் பயனில்லை. ஸ்குவாஷ்எஃப்எஸ் (டிஸ்க்கில் சுருக்கி வைத்திருக்கும் லினக்ஸ் கோப்புகள்) விரிக்க முடியவில்லை என்று வந்து, டிஸ்க் சரிபார்ப்பிலும் தேறியிருந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு சுற்றாவது ஓடவிடுங்கள். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐயிலும் பூட் ஆகிறது.

டிவிடி பக்கம்தான் என்றால், மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. டிரைவைச் சமதளத்தில் வையுங்கள். மடியில் ஆடிக்கொண்டிருக்கும் டிரைவ் தவறாகப் படிக்கும். அப்புறமும் அதே இடத்தில் நின்றால் அந்த டிஸ்க்கை விட்டுவிட்டு இன்னும் மெதுவாக வேறொன்று எழுதுங்கள்.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்

இன்ஸ்டாலர் வந்துவிட்டது, ஆனால் நிறுவ இடமில்லை என்கிறது. இன்டெல் லேப்டாப்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பயாஸில் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும் சேமிப்பக முறை. அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தெரியும். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நேராக மாற்றாதீர்கள், அது நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் ஏற விட்டு, பிறகு இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். பிட்லாக்கர் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

முடிந்த பிறகு

டிஸ்க்கை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும்போது தட்டு பூட்டிக்கொண்டிருக்கலாம், திரையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழைகளும் ஓடலாம். நிறுவல் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த பிறகு இது நடந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதில் தவறில்லை. நேராக விண்டோஸ் ஏறினால் பயாஸின் பூட் வரிசையில் லினக்ஸை மேலே கொண்டு வாருங்கள்.

வைஃபை தெரியவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், அதற்கு டிரைவர் தேட வேண்டியதில்லை. டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ டிஸ்க்கிலேயே வருவதால் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

டெபியன் போட்டவர்களுக்கு ஒன்று பாக்கி. டிரைவைக் கழற்றிவிட்டு ஏதாவது மென்பொருள் நிறுவப் போனால், இன்ன பெயர் கொண்ட டிஸ்க்கை உள்ளே வைக்கவும் என்று கேட்டு அடம்பிடிக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை. இடிசி ஃபோல்டருக்குள் ஏபிடி, அதற்குள் சோர்சஸ் லிஸ்ட் கோப்பு. அதில் சிடிராம் என்று இருக்கும் வரியின் முன்னால் ஒரு # குறி போட்டுச் சேமித்து, பட்டியலைப் புதுப்பியுங்கள். அதன் பிறகு டிஸ்க்கைக் கேட்காது.